அம்மாளுக்கு ஒரு பாகம்

எங்கள் சோழிமேட்டில் கடைசியாகத் தயிர் உறைந்தது அந்தக் கப்பல் வந்த வெள்ளிக்கிழமை காலையில்தான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் இதழினிக்குச் சோறு பிசையலாம் என்று நான் அந்தத் தயிரில் கரண்டியை வைத்த நேரத்தில்தான் கடற்கரைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது, கன்றைப் பிரித்த மாடு கத்துகிற மாதிரி, ஆனால் நூறு மாடு ஒரே வாயால் கத்துகிற மாதிரி. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கரண்டியும் கையுமாக ஓடிப்போய்ப் பார்த்தால், எங்கள் ஃபைபர் படகுகள் நங்கூரம் போட்டுக் கிடக்கிற இடத்துக்கு நட்டநடுவே, இரண்டு பக்கமும் தண்ணீர் தள்ளுகிற பெரிய சக்கரமும், நடுவில் கறுப்புப் புகைக்கூண்டும், முன்னும் பின்னும் பாய்மரமுமாக ஒரு கப்பல், காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்கிற மாதிரி தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

"யாரைக் கேட்டு இங்க நங்கூரம் போட்டான்?" என்றார் நாட்டார் கோதண்டபாணி. ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவர் அவர்தான், எதைப் பார்த்தாலும் முதலில் அதற்கு அனுமதி உண்டா என்றுதான் பார்ப்பார்.

கப்பலின் மூக்கில் எழுதியிருந்தது பிரெஞ்சு என்பதால் லெயோன் மாமாவைக் கூட்டிவந்தார்கள். அவர் பிரான்ஸ் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சு வார்த்தையில் ஊரில் எல்லோருக்கும் அவர் சொல்தா மாமா. என் வீட்டுக்காரர் படகில் அவரை ஏற்றிக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிவந்த மாமா, மீசையைத் துடைத்துக்கொண்டு, அரிசி வண்டி வந்திருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்: "கப்பல் பேரு லா பசியாந்த். பொறுமைக்காரின்னு அர்த்தம். ஆயிரத்து எண்ணூத்து எண்பத்து மூணுல பிரான்சுல துலோன் துறைமுகத்தை விட்டுக் கெளம்புச்சாம். கடலு எம்புட்டு ஆழம்னு அளக்குற வேலை. இன்னும் முடியலையாம்."

"அடேங்கப்பா, நம்ம தெருவுல கால்வா வெட்டுற வேலை மாதிரியில்ல இருக்கு" என்றார் பக்கத்து வீட்டு விருத்தாம்பா அக்கா. எல்லோரும் சிரித்தோம். அவ்வளவுதான், அதற்குமேல் அந்தக் கப்பலைப் பற்றி யாரும் வாயைப் பிளக்கவில்லை.

வாயைப் பிளக்காததற்குக் காரணம் வேறு. பிரெஞ்சுக்காரன் கப்பல் எங்கள் கரைக்கு வந்தால் வேறு எதற்கு வரும், விட்டுப்போன பேருக்குக் குடியுரிமை கொடுக்கத்தான் வரும் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. மத்தியானத்துக்குள் பரண்மேல் கிடந்த தகரப்பெட்டியெல்லாம் கீழே இறங்கியது. கொள்ளுப்பாட்டன் பிறந்த சீட்டு, அவன் கல்யாணச் சீட்டு, கரையான் தின்ற மிச்சம், எலி தின்ற மிச்சம், எல்லாவற்றையும் பாலித்தீன் பையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, பட்டுச்சேலை கட்டிய பெண்களும் வெள்ளைச்சட்டை போட்ட ஆண்களுமாகப் படகு படகாகக் கப்பலுக்குப் போனார்கள். கப்பலில் இருந்த வெள்ளைத்தாடிக்காரர், அவரை நாங்கள் முசே என்று கூப்பிடுவோம், ஒன்றும் புரியாமல் விழித்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: கடலுக்கடியிலிருந்து எது வந்தாலும் சாராயம் ஊற்றிய சீசாவில் போட்டு, கழுத்தில் ஒரு அட்டை கட்டி, அதில் நம்பர் எழுதவேண்டும். எனவே அவர் ஒவ்வொரு சீட்டுக்கும் மரியாதையாக ஒரு அட்டை கட்டி நம்பர் எழுதிக் கொடுத்தார். மறுநாளே பாதி ஊர் அந்த அட்டையை லேமினேஷன் போட்டுவிட்டது.

என் வீட்டுக்காரர் அட்டை வாங்கவில்லை. அட்டையைக் கட்ட அவரிடம் பழைய சீட்டே இல்லை. பிரான்சுக்காரன் விட்டுப்போன காலத்தில், யாரெல்லாம் பிரெஞ்சுப் பிரஜையாக இருக்க ஆசைப்படுகிறீர்களோ எழுதிக்கொடுங்கள் என்று நாள் கொடுத்தானாம்; அந்தக் கடைசி நாளில் இவருடைய பாட்டன் வாளைமீன் பாடு நன்றாக இருக்கிறதென்று கடலிலேயே தங்கிவிட்டாராம். "ஒரு நாள் வாளைக்கு ஆசைப்பட்டு எங்க பாட்டன் பிரான்சையே வித்துட்டான்" என்று கல்யாணமான மூன்றாம் நாள் என்னிடம் சொன்னார். அதற்குப்பிறகு வலை பின்னும்போதும், சாப்பிடும்போதும், பிள்ளையைத் தாலாட்டும்போதும்கூட அவர் கால்பெருவிரல் ஆடிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பேர் தாண்டவமூர்த்தி, பேருக்கேற்ற கால்.

ஆனால் கால் எப்படியோ, கை வேறு. இரண்டு கையையும் விரித்தால் விரல்நுனிக்கு விரல்நுனி ஒரு பாகம், அப்படித்தான் எங்கள் ஆட்கள் கயிற்றையும் கடலையும் அளப்பார்கள். அதிலும் எங்கள் ஊரில் யார் கயிறு வாங்கினாலும் தாண்டவன் பாகத்துக்குத்தான் வெட்டுவார்கள், நெட்டை அவர், கொக்கு சிறகு விரித்த மாதிரி விரிப்பார், ஆயிரம் பாகம் அளந்தாலும் ஒரு விரல்கடை கூடாது குறையாது. முசேயிடம் ஆழத்தை எண்ணுகிற பித்தளைப் பொறி ஒன்று இருந்து துருப்பிடித்து நின்றுபோயிருந்தது. சொல்தா மாமா என் வீட்டுக்காரரைக் காட்டி, "இந்த ஆளு பித்தளையைவிட ஒசத்தி" என்று சொல்லிவைத்தார். அந்த நிமிஷமே வேலை கிடைத்தது: நீலக்கோடு போட்ட பனியன் ஒன்று, கூடவே ஒரு வாக்கு. அளவு முடிந்ததும் கப்பல் துலோனுக்குத் திரும்பும், தாண்டவனும் அதில் வரலாம், வேறு சீட்டு ஒன்றும் வேண்டாம்.

இங்கேதான் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் ஆழம் பார்க்கும்போது ஒன்று என்று தொடங்கமாட்டார்கள், லாபம் என்று தொடங்குவார்கள். லாபம், ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணிக்கொண்டே போய், ஈயக்குண்டு தரையைத் தொடுகிற அந்தக் கடைசிப் பாகத்தை எண்ணாமல், "அம்மாளுக்கு" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். கடலம்மா உட்கார ஒரு இடம் வேண்டாமா? எனவே நாங்கள் நாலு பாகம் என்றால் உள்ளே ஐந்து இருக்கும். அது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

முதல் நாள் கப்பலின் மேல்தட்டில் நின்று கயிற்றை மார்புக்குக் குறுக்கே இழுத்து இழுத்து விட்ட என் வீட்டுக்காரர், நாலு என்றார், அம்மாளுக்கு என்றார். முசே பென்சிலை நிறுத்தினார். அம்மாளுக்கு என்பது எந்த எண் என்று கேட்டார். அது எண்ணில்லை என்று மாமா சொன்னார். கயிறு ஓடியிருக்கிறதே, ஓடியதை எழுதாமல் விட்டால் அது பொய்யாகிவிடுமே என்றார் முசே. என் வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் பனியனைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு "அஞ்சு" என்றார்.

சொன்ன வாய் மூடவில்லை, தரை போய்விட்டது. குண்டு தொட்டிருந்த தரை தொபுக்கென்று இறங்க, கயிறு சரசரவென்று ஓட, இவர் எண்ண, அது இறங்க, சாயங்காலம் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சத்தில் ஒருமுறை தொட்டது. அதையும் விடாமல் எண்ணி முசேயும் எழுதி முடித்ததும், கயிறு இன்னொருமுறை உதறிக்கொண்டு கீழே போனது.

மறுநாளிலிருந்து எங்கள் ஊரில் எதுவும் அடங்கவில்லை. படகுக்காரர்கள் நங்கூரம் போட்டால் கயிறு முழுக்க இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது, மீன் காட்டுகிற கருவியில் ஆழம் என்ற இடத்தில் வெறும் கோடு ஓடியது. பார்த்த நாட்டார், நாற்பது படகையும் கொண்டுபோய் அந்தக் கப்பலிலேயே கட்டச் சொன்னார், தாய்ப்பன்றியைச் சுற்றிக் குட்டிகள் மாதிரி அவை அங்கே முட்டிக்கொண்டு கிடந்தன. பால் உறையவில்லை. மாவு பொங்கி அடங்கவில்லை. டீயில் தூள் கீழே இறங்காமல் சுற்றிச்சுற்றி வந்ததால் எல்லோரும் டீயைப் பல்லால் வடிகட்டிக் குடித்தார்கள். கோழிகள் அடைக்கு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தன. பஞ்சாயத்தில் ஒரு வேலித்தகராறு தீர்ப்பாகி, கையெழுத்துப் போடுகிற நேரத்தில் திரும்ப முதலிலிருந்து தொடங்கியது, அப்படி ஒன்பது தரம். விருத்தாம்பா அக்காவின் மகளுக்கு நாள் குறிக்க வந்த மாப்பிள்ளை வீட்டார் பாயில் உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள், கடைசியில் நின்றபடியே பஜ்ஜி தின்றுவிட்டுப் போனார்கள்.

ஊர் அதற்கும் பழகிக்கொண்டது, அதுதான் எனக்கு ஆச்சரியம். பெண்கள் மோருக்குப் பதில் புளித்தண்ணீர் கரைத்தோம். குடத்துக்கு அடியில் மூன்று கல் முட்டுக்கொடுத்தோம். கப்பல்காரர்கள் கடலடிக்கு இறக்கிய வலைப்பையில் வந்த மீன்களில், கறுப்பாக, நெற்றியில் சின்ன விளக்கு எரிகிற மீன்களை, ஊர்ப்பங்கு என்று நாட்டார் கேட்டு வாங்கிக் கொடுத்தார். "விளக்கை அணைச்சுட்டுத்தான் கொழம்புல போடணும், இல்லன்னா கசக்குது" என்று நாலாம் நாளே பக்குவம் கண்டுபிடித்துவிட்டார்கள். நம்மால் எதற்குத்தான் பழகமுடியாது?

நான் பழகாதது ஒன்றுதான். இதழினி தூங்கவில்லை.

ஒன்றேகால் வயதுப் பிள்ளை. அந்த வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் முன்னால்தான் நடக்கத் தொடங்கியிருந்தாள். கப்பல் வந்தபிறகு அவள் நடையை நிறுத்தவே இல்லை. தொட்டிலில் போட்டால் கால் உள்ளுக்குள்ளேயே நடக்கும். பால் குடிக்கும்போது நடக்கும். கண் சொருகும், ஒரு நொடி, எங்கேயோ கீழே விழுகிற மாதிரி திடுக்கென்று முழிக்கும். ஐந்து நாள், ஏழு நாள், பதினோரு நாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எடைபோட்டார். முள் ஒரு எண்ணிலும் நிற்காமல் ஆடியது. ஆனால் எனக்கு எடை பார்க்கத் தெரியாதா என்ன, இடுப்பு சொல்லுமே. பிள்ளை கரைந்துகொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் சோறும் கருவாட்டுக்குழம்பும் தூக்கில் எடுத்துக்கொண்டு, பிள்ளையை மார்போடு சேலையால் கட்டிக்கொண்டு, சொல்தா மாமாவோடு கப்பலுக்குப் போனேன். கயிற்றேணியில் ஏறும்போது எண்ணினேன், பதினேழு படி. மேலே முழுக்கச் சீசாக்கள், அலமாரி அலமாரியாக. ஒவ்வொன்றிலும் கடலடியிலிருந்து எடுத்த சேறு, ஒரு சீசாவிலாவது சேறு அடியில் தங்கியிருக்கவேண்டுமே, எல்லாம் கலங்கிக் கலங்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. முசே எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தன் நோட்டைக் காட்டினார். பக்கம் பக்கமாக எண்கள். பக்கத்துக்கொரு கடல், ஒரே இடத்தில் நாளுக்கொரு ஆழம்.

"ரெண்டு அளவு ஒத்துப்போனாத்தான் வேலை முடிஞ்சதா அர்த்தமாம்" என்றார் மாமா. "எந்தக் கடல்லயும் ஒத்துப்போகலையாம். அதான் வீட்டுக்குப் போக முடியாம சுத்துறாங்க."

எனக்குச் சட்டென்று விஷயம் பிடிபட்டது. "மாமா, எல்லாக் கடல்லயும் முசே கடைசிப் பாகத்தையும் எண்ணியிருக்காரு. உக்கார இடமில்லாம கடலம்மா கீழ கீழ போய்க்கிட்டே இருக்கா. ஒண்ணை விட்டுடச் சொல்லுங்க."

மாமா சொன்னார். முசே மறுத்துத் தலையாட்டினார். தெரிந்துகொள்ளாமல் ஒரு இடத்தை விட்டுவைக்க மனுஷனுக்கு உரிமை இல்லை என்றாராம்.

"அப்படியா? வீட்டம்மாகிட்ட எல்லாத்தையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் கெளம்புனாரான்னு கேளுங்க."

மாமா தயங்கினார். "அடியே, இதை எப்படிடி கேக்குறது?" ஆனால் கேட்டுவிட்டார். முசே சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நோட்டை மூடி, என் பிள்ளையின் ஆடுகிற காலைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரரிடம் சோற்றைப் போட்டுவிட்டு நேராகவே சொன்னேன். "ஏங்க, நாளைக்கு அம்மாளுக்கு விட்டுடுங்க."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "விட்டா அளவு நிக்கும். நின்னா ரெண்டாந்தரம் பாப்பாரு. ஒத்துப்போனா அன்னிக்கே கப்பல் கெளம்பிடும், கனகு" என்றார்.

"கெளம்பட்டும்."

"கெளம்புனா நானும் கெளம்பணும்."

இதை நான் யோசிக்காமல் இல்லை. கப்பலேணியில் இறங்கும்போதே பதினேழு படியிலும் இதைத்தான் யோசித்திருந்தேன். தரை போய்க்கொண்டே இருக்கிறவரை கப்பல் நிற்கும், கப்பல் நிற்கிறவரை மனுஷன் இரவுக்கு வீட்டுக்கு வருவார், அவர் வருகிறவரை பிள்ளை தூங்கமாட்டாள்.

"போறதுன்னா போங்க" என்றேன். "துலோன்ல குளிருமாம், போர்வை எடுத்துவைக்கிறேன். பிள்ளை தூங்கணும், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"என்னடி, வெளியூருக்குக் கருவாடு விக்கப் போறவனை அனுப்புற மாதிரி சொல்ற?"

"வேற எப்படிச் சொல்லணும்? அழுதா இருந்துடுவீங்களா? அப்புறம் காலமெல்லாம் எங்க பாட்டன் வாளைக்கு வித்தான், நான் பெண்டாட்டி கண்ணீருக்கு வித்தேன்னு சொல்லிக்கிட்டே காலை ஆட்டுவீங்க."

அவர் கையைக் கழுவாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இதழினி அவரைச் சுற்றிச்சுற்றி நடந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் விடியக்காலையிலேயே கயிறு இறங்கத் தொடங்கியது. நானும் பிள்ளையோடு போயிருந்தேன். லாபம், ரெண்டு, மூணு என்று அவர் குரல், ஆயிரம், ஆயிரத்தொன்று என்று அவர் குரல், கை விரிய, மடங்க, விரிய, பனியன் நனைந்து மார்போடு ஒட்ட, படகுகளில் நின்ற ஊர்ச்சனம் முழுக்க வாய்க்குள் கூடவே எண்ண, வெயில் உச்சிக்கு ஏறி மேற்கே சாய்கிறபோது மூவாயிரத்து நானூற்றுப் பத்து என்றார். கயிறு இன்னும் ஒரு பாகம் ஓடி, தளர்ந்தது. குண்டு தொட்டுவிட்டது. அவர் இரண்டு கையும் விரிந்தபடியே நின்றன.

என்னைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். அந்தப் பக்கம், கிழக்கே, ஒன்றுமில்லாத தண்ணீரைப் பார்த்தார்.

"அம்மாளுக்கு" என்றார்.

முசே பென்சிலோடு, "அது எத்தனை?" என்று கேட்டார். அதற்கு மாமா மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை. என் வீட்டுக்காரர் கையை மடக்கிக்கொண்டு, "மூவாயிரத்து நானூத்திப் பத்து, முசே. மிச்சம் நம்முதில்ல" என்றார்.

முசே கயிற்றைப் பார்த்தார். ஓடிய கயிறு கண்முன்னால் ஈரமாகக் கிடக்கிறது. பென்சிலைத் தாளில் வைத்தார். அப்போதுதான் என் தோள் கனத்தது. இதழினியின் தலை என் கழுத்தில் விழுந்து, கால் இரண்டும் தொங்கி, வாயிலிருந்து ஒரு இழை எச்சில் ஒழுகியது. முசே தலையைத் திருப்பினார். அலமாரியில் சீசாக்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்துகொண்டிருந்தன, சேறு மெத்துமெத்தென்று அடியில் இறங்கி உட்கார, மேலே தண்ணீர் கண்ணாடியாக நிற்க, முதல் சீசா, அடுத்தது, அதற்கடுத்தது, முன்னாலிருந்து கப்பலின் கடைசிவரை. கிழவர் ஒரு சீசாவில் கன்னத்தை வைத்துக்கொண்டார். பிறகு வந்து மூவாயிரத்து நானூற்றுப் பத்து என்று எழுதி, ஒரு புள்ளி வைத்தார்.

இரண்டாவது அளவுக்கு மறுபடி அவ்வளவு ஆழம் போகவேண்டியிருக்கவில்லை. நீராவிப்பொறி கயிற்றைச் சுருட்டச் சுருட்ட, தரையும் கூடவே ஏறி வந்தது, முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருகிற பிள்ளை மாதிரி; என் வீட்டுக்காரர் நடுவில் நடுவில் குண்டை நிறுத்திப் பார்த்தார், ஆயிரம், ஐந்நூறு, நாற்பது, நாலு. மறுபடி விட்டுப் பார்த்தார், நாலு. ஒத்துப்போய்விட்டது. தண்ணீர் வற்றுகிற நேரம் வேறு, கப்பலின் அடிவயிறு மணலில் உரசியது. கப்பல்காரர்கள் கத்தினார்கள். சங்கு ஊதியது. படகுக் கயிற்றையெல்லாம் அவிழ்த்து எறிந்தார்கள்.

முசே என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக ஏதோ சொன்னார். மாமா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உலகத்துல அத்தனை கடலும் பாக்கி கெடக்குதாம். கடைசிப் பாகத்தை விடத் தெரிஞ்ச ஆளுதான் இனிமே வேணுமாம். வந்துடுன்னு கெஞ்சுறாரு."

போர்வை மூட்டையை என் வீட்டுக்காரர் காலடியில் வைத்தேன். தூங்குகிற பிள்ளையைச் சேலையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினேன், திரும்பிப் பார்க்கவில்லை, படியை எண்ணினேன். பதினாறாவது படியில் கீழே படகு என் காலுக்குத் தட்டுப்பட்டது, பதினேழாவதை நான் எண்ணவில்லை. மாமா இறங்கினார். சக்கரம் சுழலத் தொடங்கித் தண்ணீர் நுரைத்தது. படகை நான்தான் தள்ளிவிடவேண்டும், கழியை எடுத்தேன். அப்போது படகு ஒருமுறை ஆழமாக அமுங்கி எழுந்தது.

"இங்க குடு கழியை" என்றார். நீலக்கோட்டுப் பனியன், தோளில் போர்வை மூட்டை. "பிள்ளைய வச்சுக்கிட்டு எப்படித் தள்ளுவ நீ?"

கப்பல் சங்கு ஊதிக்கொண்டே போனது. எங்கள் கண்ணுக்கு எட்டுகிறவரை முசே மேல்தட்டில் தெரிந்தார், இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு. விடைகொடுத்தாரோ, அளந்து பழகினாரோ.

மறுநாள் காலையில் ஊர் முழுக்கத் தயிர் உறைந்திருந்தது. நாட்டார் வேலித்தகராற்றை ஒரே தரத்தில் முடித்தார். விருத்தாம்பா அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம். இதழினி இரண்டு பகல் இரண்டு இரவு தூங்கி எழுந்து, உட்கார்ந்தாள், உட்கார்ந்தே இருந்தாள், அதைப் பார்க்கத் தெருவே வந்தது.

"ஏண்டி, பிள்ளைக்காக எறங்கி வந்தானா, உனக்காகவா, இல்ல அத்தாம்பெரிய தண்ணியப் பாத்துப் பயந்துட்டானா?" என்று அக்கா இன்றைக்கும் என்னை அரிக்கிறார். "கேளேன்டி, வாயில என்ன கொழுக்கட்டையா?"

கல்யாணமான நாளிலிருந்து ஆறு வருஷமாக அந்த மனுஷனை அளந்துகொண்டு வருகிறேன். எங்கே கோபப்படுவார், எங்கே சிரிப்பார், பொய் சொல்லும்போது எந்தக் காதைச் சொறிவார், எல்லாம் எனக்கு எண்ணிக்கை. சில சாயங்காலம் அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு அலைவாய்க்கரையில் கிழக்கே பார்த்து நிற்பார், கால்பெருவிரல் ஆடும், கை இரண்டும் தன்னால் மெல்ல விரியும். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிற்பேன். கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்து நிற்கும்.

அம்மாளுக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, "தயிர் உறைஞ்சிருக்கு, சாப்பிட வாங்க" என்பேன்.